பச்சைப் பொட்டலம்

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, அக்கா. கம்ப்யூட்டர் பெட்டி மேல எதையாவது வெச்சீங்களா?”

“எதையுமே வைக்கல, தம்பி. திங்கட்கிழமை என் கார்ட்டூன் படம் போட்டிக்குப் போகணும். கார்டை மாத்திக் குடு.”

தைப்பேயின் அந்தக் கணினிக் கடையில், ஜெங்ஹான் கருகிய கிராபிக்ஸ் கார்டை முகர்ந்து பார்த்தான்.

“சூட்டுல வெந்திருக்கு. காத்து போற வழியை நீங்க அடைச்சிருந்தா வாரண்டி கிடையாது. வீட்டுல எடுத்த போட்டோ இருக்கா?”

பெய்யூன் கைபேசியை நீட்டினாள். கணினிப் பெட்டியின் உச்சியில், சூடான காற்று வெளியேறும் சல்லடையை மூடியபடி பச்சை நிற நொறுக்குத்தீனிப் பொட்டலம் ஒன்று படுத்திருந்தது.

“அப்ப இது என்னவாம்?”

“அது ஒரு பொருளா? மிஷின் சமர்த்தா இருக்கணும்னு நம்ம ஊர்ல எல்லாரும் ராசிக்கு வைக்கிற பொட்டலம்தானே!”

“ஓரமா வைப்பாங்க. சல்லடை மேலயா? எந்த மடையன் வைப்பான்?”

“வாங்கின அன்னைக்கு எடுத்ததையும் பாரு.”

அடுத்த படத்தில் இதே கடை, இதே மேசை. புதுக் கணினியின் சல்லடை மேல், இரு கைகளாலும் பயபக்தியோடு பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தான் ஜெங்ஹான்.

“‘இடத்தை மாத்தாதீங்க, அக்கா, மிஷின் கோச்சுக்கும்’னு நீதான் சொன்னே. நான் மாத்தவே இல்ல. இப்ப கார்டை மாத்திக் குடுக்கறியா, தம்பி?”