லைட் அணைஞ்சா போதும்

"மூணாவது தடவை! இது மூணாவது தடவை!"

காரை ஷெட்டுக்குள் நிறுத்திய வேகத்தில், கதவைக்கூடச் சாத்தாமல் கத்திக்கொண்டே இறங்கினார் வண்டிக்காரர்.

மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்தார். டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க அணைச்சுக் குடுப்பீங்க, நான் தெருமுனை தாண்டறதுக்குள்ள மறுபடி எரியும். சென்சார் போச்சுன்னா மாத்த வேண்டியதுதானே? தொழில் தெரியலன்னா போர்டைக் கழட்டிட்டு வேற வேலை பாருங்க!"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது.

"ரெண்டு தடவையும் என்ன சொன்னேன்? வண்டியை விட்டுட்டுப் போங்க, பிரிச்சுப் பார்க்கணும்னு சொன்னேன். 'அதெல்லாம் வேணாம், லைட் அணைஞ்சா போதும்'னு காலில வெந்நீர் ஊத்தின மாதிரி பறந்தது யாரு சார்?"

"சரி, பிரிங்க. இங்கேயே உக்காந்து பாக்கறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரீட்சை ஹாலில் காவல் காக்கும் வாத்தியார் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். பழைய புகார்தான்: முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்து இடம். சென்சாரைக் கழட்டிச் சோதித்தார். அது நன்றாகவே இருந்தது. பேட்டரி வயரைக் கழட்டிவிட்டு, மிச்சக் கரண்ட் இறங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். அவசரப்பட்டுக் கை வைத்தால் ஏர்பேக்கின் காற்றுப்பை மூஞ்சியிலேயே வெடிக்கும்.

"சும்மா நிக்கறதுதான் ரிப்பேரா?" என்று ஸ்டூலிலிருந்து ஒரு குத்தல் வந்தது.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு டேஷ்போர்டைப் பிரித்தார். உள்ளே டார்ச் அடித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இங்க வாங்க. நீங்களே பாருங்க."

பை இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வயரின் முனையில் மட்டும் கிராம்பு அளவுக்கு ஒரு ரெசிஸ்டர், ஒரு கால் விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

"இந்த வண்டி எப்பவோ மோதியிருக்கு சார். பை வெடிச்சிருக்கு. புதுசு போடாம, மேல மூடிட்டு இதை ஒட்டிவிட்டிருக்காங்க. பை இருக்குன்னு வண்டியை நம்ப வைக்கற வேலை. லைட்டும் எரியாது. இப்போ இது விட்டுப்போச்சு, அதான் குட்டு உடைஞ்சுது."

"அப்போ பக்கத்து சீட்டுல உக்காந்தவங்களுக்கு?"

"ஒண்ணும் கிடையாது சார். மோதினா நேரா டேஷ்போர்டுதான்."

வண்டிக்காரரின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி ரத்தமாகச் சிவந்தது.

"ஏழு மாச வயித்தோட என் பொண்டாட்டி அந்த சீட்லதான் உக்காந்து வந்தா! 'ஒரு கீறல் விழாத வண்டி, என்னை நம்பி எடுத்துட்டுப் போங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே சாவியைக் குடுத்தானே, படுபாவி! நம்பினவன் கழுத்தை அறுக்கறவன் விளங்குவானா?"

உடனே தனக்கு வண்டியை விற்ற அந்தப் பழைய ஓனருக்குப் போன் போட்டார். எடுத்தவுடன் இவர் பொழிந்த வசவில், பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். எதிர்முனை சட்டென்று வைத்துவிட்டது. திரும்பப் போட்டால் சுவிட்ச் ஆஃப்.

"பாத்தீங்களா? மனுஷனா இவன்? ஒரு உசுருன்னா அவ்வளவு எளக்காரமா?"

மெக்கானிக்குக்கு இப்போது அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அந்த முகம் தெரியாத பழைய ஓனர்மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்டவனை நிற்க வைத்து நாலு அறை விட்டால்தான் என்ன?

"பணத்துக்காக இப்படியுமா சார் செய்வாங்க? நீங்க கவலைப்படாதீங்க. புதுப் பை இன்னிக்கே சொல்லிவிடறேன். பத்து நாள்ல வந்துடும். மாட்டற கூலிகூட எனக்கு வேணாம்."

"பத்து நாளா?"

"ஆமா சார். அதுவரைக்கும் முன்சீட்டுல யாரையும் உக்கார வைக்காதீங்க."

வண்டிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, நெருங்கி வந்து குரலைத் தணித்தார்.

"அது ஒத்து வராதுங்க. நாளைக்குக் காலையில வண்டியைப் பார்க்க வர்றாங்க. அட்வான்ஸ்கூட வாங்கிட்டேன்."

"விக்கறீங்களா?"

"ஆமா. ஒண்ணு பண்ணுங்க... அந்தச் சின்ன சாமானை மறுபடி நல்லா கெட்டியா ஒட்டி மூடிடுங்க. லைட் அணைஞ்சா போதும்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். வாங்க வருகிறவனும் இவரைப் போல ஒரு ஜகஜ்ஜால வியாபாரியாகவாவது இருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

"வாங்கறது யாரு சார்?" என்றார். குரல் இறுகிப்போயிருந்தது.

அதை அக்கறை என்று நினைத்துக்கொண்ட வண்டிக்காரர், முதல் தடவையாகச் சிரித்தார்.

"பயப்படாதீங்க, தகராறு பண்ற ஆளில்லை. என் ஆபீஸ்ல எனக்குக் கீழ வேலை பாக்கற பொண்ணு. வெகுளி. 'நீங்க குடும்பத்தோட போன வண்டி, வேற யாரையும் கூட்டிட்டு வந்து காட்டணுமா சார்? உங்களை நம்பி எடுத்துக்கறேன்'னு சொல்லிடுச்சு."