பனிமலையில் ஆபித்

சார்ஜன்ட் அவள் கைப்பேசியை வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினான்.

எங்கு பார்த்தாலும் பனி. நடுவில் ஒருவன். கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம்.

“இவன்தான் உன் தம்பியா?”

“ஆமாம் ஸயா. ஆபித். பிரான்சில் படிக்கப் போனவன்.”

மரியாதைக்கு ‘ஸயா’ சேர்த்து, நிலோஃபர் பர்மிய மொழியில் சொன்னாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பசுந்தாங் பேட்டையில் அந்தத் தெருவுக்குள் லாரி வந்து நின்றபோது மழை விட்டிருக்கவில்லை. படைக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்ததிலிருந்து இப்படித்தான். எந்த வீட்டில் வயதுப் பையன் இருக்கிறான் என்று மாடி மாடியாக ஏறுகிறார்கள்.

சார்ஜன்டும் ஒரு சிப்பாயும் பூட்ஸோடு உள்ளே வந்துவிட்டார்கள். வழிகாட்ட வந்த வட்டார அலுவலகத்து அப்பாசாமி வாசலிலேயே நின்றார். தமிழர்தான். சீருடைக்காரர்கள் முன்னால் அவர் தமிழ் பேசி யாரும் கேட்டதில்லை.

உள்ளறையில் உம்மா தஸ்பீஹ் மணி உருட்டும் சத்தம், வழக்கத்தைவிட வேகமாக.

“இது என்ன இடம்?”

பனிச்சறுக்கு ஊர் என்றாள். மலைக்கு நடுவே ஒரு சின்ன ஊர். கோவிட் சமயத்தில் விடுமுறைக்குப் போனான். போய் என்ன செய்ய? உச்சிக்கு ஏற்றிவிடும் தொங்கு நாற்காலிகளை அரசாங்கம் நிறுத்திவைத்திருந்தது. கம்பியில் வரிசையாகத் தொங்கிய நாற்காலிகளில் பனிதான் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுக் கடையில் யாரையும் உட்கார விடவில்லை. ஜன்னல் வழியாக சூப் வாங்கித் தெருவில் நின்று குடித்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்பியாக வேண்டும்.

“அங்கேயும் ஊரடங்கா?” என்று சிப்பாய் தன்னை மறந்து கேட்டான். சின்னப் பையன். சார்ஜன்ட் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

படங்கள் நகர்ந்தன. பூட்டிய கடைவாசலில், ஒரு மரத்தடியில், சறுக்குவண்டியின் கயிற்றைப் பிடித்தபடி. எல்லாவற்றிலும் அதே கண்ணாடி, அதே முகக்கவசம்.

“ஒன்றில்கூட முகம் இல்லையே.”

“தெருவில் இறங்கினாலே முகக்கவசம் கட்டாயம் ஸயா, அப்போது.”

“அது அப்போது. அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக ஒரு படம்கூடவா இல்லை?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஈரமான உள்ளங்கையை இடுப்பில் கட்டியிருந்த லோஞ்சியில் துடைத்துக்கொண்டாள்.

“எங்களுக்கும் அவனுக்கும் பேச்சு இல்லை ஸயா. அதே வருஷ மழைக்காலத்தில் வாப்பா மூச்சுவிட முடியாமல் கிடந்தார். இவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை. மௌத்தான பிறகும் பண்ணவில்லை. அப்படிப்பட்டவன் முகம் எங்களுக்கு எதற்கு?”

சொல்லும்போதே அழுகை பொங்கிவிட்டது. நடிப்பில்லை. தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

உள்ளறையில் மணிச்சத்தம் நின்றுபோயிருந்தது.

சார்ஜன்ட் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அலமாரியைத் திறந்து துணிகளைத் துப்பாக்கி முனையால் கிளறினான். பிறகு கைப்பேசியை அவளிடம் நீட்டி, தம்பி ஊருக்கு வந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்றான். இருவரும் அடுத்த மாடிக்கு ஏறினார்கள்.

அப்பாசாமி போகவில்லை. குடையை எடுப்பதுபோல் குனிந்தவர், நிமிராமலே, தமிழில் பேசினார்.

“ஏம்மா, ஒங்க வாப்பாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டரத் தோள்ல சொமந்துக்கிட்டு இந்தப் படியில ஏறுன பையன நான் பாத்திருக்கேன்.”

நிலோஃபர் மாடிப்படியை எட்டிப் பார்த்தாள்.

ஆபித் இந்த நாட்டைவிட்டு எங்கும் போனதில்லை. படத்தில் இருப்பது பிரான்சில் வாழும் அவள் தோழி கரீமாவின் கணவன். அந்த ஊரின் பனியையும் சூப்பையும் ஊரடங்கையும் கரீமா போனில் சொல்லச் சொல்ல, அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

“பயப்படாதே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.” அவர் தன் கைப்பேசியை நீட்டினார். “அந்தப் பனிமலைப் படமெல்லாம் எனக்கும் அனுப்பிவிடு. எம்மவனுக்கு அடுத்த மாசம் படைக்குப் போற வயசு வந்துருது. எங்க தெருவுக்கு வேற சார்ஜன்ட்டுதான் வருவான்.”

அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மகனைப் பெற்றவர் கேட்கிறாரா, ஆள் பிடிக்கிறவர் கேட்கிறாரா? அனுப்பினால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகும். அனுப்பாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

மேலேயிருந்து சார்ஜன்ட் அவர் பெயரைச் சொல்லி அதட்டினான். அப்பாசாமி பர்மிய மொழியில், “இதோ வந்துவிட்டேன் ஸயா” என்று உரக்கக் கத்தினார். ஆனால் நகரவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

அனுப்பினாள். எல்லாப் படங்களையும்.

அவர் படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படியேறினார்.

நிலோஃபர் கதவைத் தாழிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கூரைப் பலகையில் வாயை வைத்தாள்.

“ஆபித், எறங்காதே. மேல்வீட்டுல இருக்காங்க.”

பலகைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே அவன் மல்லாந்து கிடக்கும் இடத்துக்குச் சரியாக மேலே, பூட்ஸ் சத்தம் போய்வந்து கொண்டிருந்தது.

“வாப்பாவப் பத்திச் சொன்னது…” என்று ஆரம்பித்தாள்.

உள்ளேயிருந்து பலகையை ஒரு விரல் மெல்லத் தட்டியது, பேசாதே என்பதுபோல்.