கல்லா, புற்றா?

பெரிய கங்காணி அழகுமுத்துவுக்குக் கண்ணும் உடம்பும் மஞ்சளாகிவிட்டன. அரிப்புத் தாங்காமல் ஓயாது சொறிந்தார். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"பித்தக் குழாய் அடைபட்டிருக்கு. கல்லாயும் இருக்கலாம், புற்றுநோயாயும் இருக்கலாம். வெளியில ரெண்டும் ஒரே மாதிரித்தான். வயித்தைத் திறந்துதான் பார்க்கவேணும்" என்றார் டாக்டர் ஜெயரத்தினம்.

கங்காணி இரண்டில் பெரியதையே தனக்கென்று எடுத்துக்கொண்டார். வெறும் கல்லெல்லாம் அவர் அந்தஸ்துக்கு ஏற்றதா?

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது, மனைவி அம்மாக்கண்ணு முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள்.

"மறைக்காத புள்ள, எனக்கு வெளங்கிருச்சு" என்றார்.

அவள் இன்னும் பலமாக அழுதாள்.

சாவு நெருங்கியதும் கங்காணிக்குத் தாராளம் பொங்கியது. முதலில் கடவுளை மன்னித்தார். பிறகு, மகளைப் பெண் கேட்டு வந்தபோது கூலி லயத்துப் பயல் என்று வாசலிலேயே விரட்டிய சின்னத்தம்பியை மன்னித்தார்.

"நம்ம நாகலெட்சுமிய அவனுக்கே கட்டிக் குடுத்துரு. நான் கண்ண மூடுறதுக்குள்ள முடிச்சிரு."

அந்த வெள்ளிக்கிழமையே தோட்டத்துக் கோயிலில் தாலி ஏறியது. மணமக்கள் மாலையோடு கண்டிக்கு வந்து கட்டிலருகே விழுந்து வணங்கினார்கள். கங்காணி கம்மிய குரலில் கடைசி ஆசீர்வாதத்தை வழங்கினார்.

அப்போது டாக்டர் வந்தார். "கங்காணியார், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

"சாகத்தானுங்களே ஐயா?"

"ஏன் சாகவேணும்? கல்லுத்தானே, எடுத்தாச்சு. புற்று இல்லையெண்டு அண்டைக்கே அம்மாட்டச் சொன்னனானே!"

கங்காணி மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"தாலி ஏறுற வரைக்கும் அது புத்தாவே இருக்கட்டும்னு விட்டுட்டேங்க" என்றாள் அம்மாக்கண்ணு.