பத்தாவது ஆள்

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் காலை ஆறு மணி பஸ். பாதி மலை இறங்கியதும், நிறுத்தமே இல்லாத ஒரு சந்து முனையில் டிரைவர் அவ்னேர் வண்டியை ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இறங்கிப் போயே போய்விட்டார்.

மூன்றாவது வரிசையில் பயணியோடு பயணியாக உட்கார்ந்திருந்த எலியாவ் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு இருபது.

எலியாவ் பஸ் கம்பெனியின் பரிசோதகன். 'டிரைவர் தினமும் ஆறு இருபதுக்கு வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு இறங்கிப் போகிறார். உடனே ஆளனுப்பிப் பாருங்கள்' என்று ஒரு மொட்டைக் கடிதம். அப்படியேதான் நடக்கிறது.

"டிரைவர் எங்க போறாரு?" பக்கத்து இருக்கை அம்மாளைக் கேட்டான். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் சீருடையில் இருந்தாள்.

"ஏன், அவசரமா உனக்கு?"

"வேலைக்குப் போற இத்தனை பேரை உட்கார வெச்சுட்டு..."

"போய்த்தான் பாரேன், தம்பி."

போனான். சந்துக்குள் யூதர்களின் சின்ன ஜெபக்கூடம். ஒன்பது பேர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். அவ்னேர் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு உள்ளே நுழைந்ததும், உயரமான ஒருவர் தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார். இறந்தவர்களுக்காகச் சொல்லும் கதீஷ். பத்துப் பேர் சேர்ந்தால்தான் சொல்ல முடியும்.

"ஆமேன்" என்றன மற்ற ஒன்பது குரல்களும். முடிந்ததும் அவ்னேர் பஸ்ஸை நோக்கி ஓடினார்.

எலியாவ் சந்திலேயே மறித்தான். "நான் கம்பெனி ஆளு."

அவ்னேருக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் மழுப்பவில்லை. "எழுதிக்குங்க. நிறுத்தினது நிஜம்."

"ஏன்?"

"அந்த உயரமானவரோட அம்மா போய் எட்டு மாசம் ஆச்சு. இன்னும் மூணு மாசம் சொல்லணும். இந்த நேரத்துக்கு இங்க ஒன்பது பேர்தான் தேறுவாங்க. பத்தாவதா இந்தப் பக்கம் வர்றது நான் ஒருத்தன்தான்."

"வேலை போயிடும்னு தெரியாதா?"

"தெரியும்."

எலியாவ் பஸ்ஸுக்குள் ஏறினான். தான் யார் என்று சொன்னான். "வண்டி நின்னதுல யாருக்காவது புகார் இருக்கா?"

"வண்டி எங்க நின்னுச்சு?" என்றாள் பின்வரிசை மாணவி.

"சிக்னல்ல நின்னிருக்கும்," என்றார் மீன் கடைக்காரர்.

"இங்க சிக்னலே கிடையாதே."

"அதையும் எழுதிக்குங்க. சிக்னல் ஒண்ணு வேணும்."

பஸ்ஸே சிரித்தது. எலியாவுக்கும் அடக்க முடியவில்லை.

"இதனால அடுத்த டிரிப் கிளம்பறதுல தாமதம் உண்டா?"

"ஒருநாளும் கிடையாது. கடைசி ஸ்டாப்புல தன்னோட ஓய்வை விட்டுக் கொடுத்து ஈடு கட்டிடறாரு," என்றார் மீன் கடைக்காரர்.

எலியாவ் படிவத்தை எடுத்தான். "இந்த இடத்துல மூணு நிமிஷ நிறுத்தம் தேவைன்னு சிபாரிசு பண்றேன். சரிதானே?"

கைதட்டல் அடங்கியதும் கடிதத்தைத் தூக்கிக் காட்டினான். "இவ்வளவு நல்ல மனுஷனைக் காட்டிக்கொடுத்தது யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

சலவைக்கார அம்மாள் கையைத் தூக்கினாள். "நான்தான்."

அவ்னேர் டிரைவர் இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்தார். "பெனினாம்மா... நீங்களா?"

பெனினா எழுந்து நிமிர்ந்து நின்றாள்.

"ஒரு நல்லதைக் கண்ணால பார்த்தா, பார்த்தேன்னு வாய்விட்டுச் சொல்றது நமக்குக் கடமை. அதுவும் ஒரு ஜெபம்தான். இந்த மாதிரி டிரைவர் உங்ககிட்ட இருக்காரு, பெருமைப்படுங்கன்னு என் பேரைப் போட்டே மூணு கடுதாசி எழுதினேன். ஒரு பதிலும் இல்லை."

எலியாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாலாவதைப் புகார் மாதிரி எழுதினேன். மூணே நாள்ல நீ வந்துட்டே."