பொனற்றுக்குள்

“உதெல்லாம் ஒரு காரே அண்ணை? மாட்டுவண்டில் மாதிரியெல்லே இழுக்குது!” பிரான்சிலிருந்து வந்திருந்த றெஜி, தமையன் மரியநேசனின் நாலு கதவுக் காரின் ரயரைக் காலால் உதைத்தான்.

“அந்தக் கார்தான் உன்னைக் கொழும்பிலையிருந்து ஏத்திக்கொண்டு வந்தது.”

“அப்பான்ரை றேஸ் காரைப் பார். ஐம்பது வருசப் பழசு. அவர் ஓடேக்கை ஆர் எட்டிப் பிடிச்சவன்? நீ அதைக் கோழி அடைய விட்டிருக்கிறாய். நான் பிரான்சுக்குக் கொண்டுபோறன்.”

“அதைத் தொடாதை.”

“ஏன்? அப்பா செத்தாப்போலை எல்லாம் உனக்கே?”

றெஜி கொட்டிலுக்குள் போய்ப் பழைய காரின் பொனற்றைத் தூக்கினான். உள்ளே எஞ்சின் இல்லை. மூன்று கோழிமுட்டைகள் கிடந்தன.

“கள்ளா! எஞ்சினை ஆருக்குக் குடுத்தனீ?”

“உனக்கு.”

“விசர்க்கதை கதையாதை!”

“கத்தாதையடா. இடம்பெயர்ந்த வருசம் உனக்கு நாலு வயசு. வயித்திலை ஷெல் துண்டு. றோட்டெல்லாம் பூட்டு. அப்பாதான் உந்த எஞ்சினைக் கழட்டி வள்ளத்திலை பூட்டி, மண்ணெண்ணெயை ஊத்தி, கடலாலை உன்னை அக்கரை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனவர். உப்புத்தண்ணி பட்ட எஞ்சின் பிறகு காருக்கு உதவேல்லை. உனக்குச் சொல்லவேண்டாமெண்டவர். அதாலை இவ்வளவு காலமும் வாயை மூடிக்கொண்டிருந்தன்.”

அப்பெண்டிக்ஸ் வெட்டியதென்று அம்மா சொல்லிவைத்திருந்த தழும்பை றெஜியின் கை சட்டைக்கு மேலால் தடவியது.

“அவர் கடைசியா வெண்ட றேஸ் அதுதான்” என்றான் மரியநேசன். “இப்ப பொனற்றை மூடு. கோழி அடைகிடக்க வாற நேரம்.”