நந்தனா வரைந்த படம்

மகளின் நகத்தோரத்தில் தீக்குச்சியால் நீலப் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள் ஓமனா.

“ஏட்டி, கையைக் கழுவிராத. அவங்க கண்ணுல படணும்.”

நந்தனா முகத்தைச் சுளித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த பசுவைப் பார்த்து, இது நாற்காலியா என்று டீச்சரே கேட்டிருக்கிறார்.

ஓமனாவுக்கு வேறு வழியில்லை. இரண்டு சம்பந்தம் கைகூடாமல் போய், மூன்றாவதாக வந்திருப்பது திருவட்டாறு இடம். மாப்பிள்ளை விபின் மஸ்கட்டில் எஞ்சினியர். பிரமாதமாகப் படம் வரைவான், பெண்ணுக்கும் அந்த ரசனை இருந்தால் நல்லது என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார். இதையும் கைநழுவ விட ஓமனாவுக்கு மனசில்லை.

தரகர் வந்துபோன மறுநாளே குழித்துறை ஓவியக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஜனங்கள் படம் பார்க்க வராததால், படங்களை ஜனங்களிடம் அனுப்புவது என்று அங்கே முடிவெடுத்திருந்தார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல கார்டைக் காட்டி, ஒரு படத்தை ஒரு மாதத்துக்கு வீட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

தாமிரபரணிப் பாலத்துக்கு மேலே மழைமேகம் கூடிநிற்கும் படத்தை ஓமனா எடுத்தாள். பொறுப்பாளர் ஏசுஅடிமைக்கு வாயெல்லாம் பல். அந்தப் படம் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் கூடத்துச் சுவரில் தங்குவதில்லை, ஊருக்குள் இத்தனை கலைத்தாகம் இருக்குமென்று தாம் நினைக்கவேயில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும், மூலையில் இருந்த ஓவியர் பெயரின் மேல் ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கரை ஒட்டினாள். அந்த இடத்தில் ஏற்கெனவே கொஞ்சம் பசை இருந்ததால் நன்றாகவே பிடித்துக்கொண்டது.

பெண் பார்க்கும் நாளன்று பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா லலிதாபாய் பெண்ணைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

எல்லாம் நந்தனா வரைந்ததுதான், ராத்திரி பகல் பாராமல் மூன்று மாதம் உட்கார்ந்தாள் என்று ஓமனாவின் கணவர் ராஜகுமார் அளந்துவிட்டார். மனுஷனுக்கு இத்தனை சரளமாகப் பொய் வரும் என்பது ஓமனாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

என்ன கலர், என்ன பிரஷ் என்று மாப்பிள்ளை ஏதாவது கேட்டுவைப்பானோ என்று பயந்து, பலகாரத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். அவனோ தலையை நிமிர்த்தாமல் ஏத்தங்காய் சிப்ஸிலேயே கவனமாக இருந்தான்.

சற்று நேரத்தில் லலிதாபாய் எழுந்து அடுக்களைக்கு வந்தாள். வந்தவள் கதவைச் சாத்தினாள்.

“மைனி, பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க வீடு காண வாங்க.”

ஓமனாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கூடவே நெஞ்சும் குறுகுறுத்தது. இத்தனை நல்ல மனுஷியை ஏமாற்றி மகளை அனுப்பிவைத்தால், நாளைக்கு அங்கே தலைகுனிந்து நிற்கப்போவது அவளல்லவா? வருவது வரட்டும் என்று லலிதாபாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மைனி, ஒரு தப்பு செய்துட்டேன். அந்தப் படம் நந்தனா வரைஞ்சதில்ல. ஓவியக்கூடத்துல இருந்து எடுத்துட்டு வந்தது.”

லலிதாபாய் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“தெரியும் மைனி. எங்க வீட்டுல இருந்தப்ப அதை எங்க விபின்தானே வரைஞ்சான்.”