முட்டைச் சட்டி

"அம்மாடி, அதுல பாலை ஊத்திடாதே! அது முட்டைச் சட்டி!"

ஹாலில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த மாமனார் சமையலறைக்கு வந்துவிட்டார். சுவர் ஆணியிலிருந்து அந்தச் சட்டி இறங்கும் சத்தம் மட்டும் எப்படித்தான் அவர் காதில் விழுமோ! மருமகளின் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, மறுபடியும் ஆணியில் மாட்டினார்.

"பால் பாத்திரமெல்லாம் தேய்க்கக் கிடக்கு மாமா. ஒரு தடவை காய்ச்சினா என்ன ஆயிடும்?"

"அதுல முட்டை மட்டும்தான். முட்டையும் அதுல மட்டும்தான்."

ரேடியோவுக்குத் திரும்பிவிட்டார்.

பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போய் வாங்கி வந்தது இந்தச் சட்டியைத்தான். நீளக் கைப்பிடி, உள்ளேயும் வெளியேயும் கரிக்கறுப்பு. தினமும் காலையில் வீட்டில் எல்லாருக்கும் முட்டை அவித்துத் தருவது அவர் பொறுப்பு. வேறு யாரையும் விடமாட்டார்.

மருமகளோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். காரணம் தெரியாவிட்டால் எதையும் லேசில் விடமாட்டாள். அன்று ராத்திரி கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அத்தை முட்டை தொடமாட்டாங்களா? அவங்க ஞாபகமாத்தான் மாமா சட்டியைத் தனியா வெச்சிருக்காரோ?"

"எங்கம்மாவா? என் தட்டுல இருக்கற முட்டையையும் சேர்த்துத் தின்னுவாங்க. வயசானா ஒரு பிடிவாதம். விடேன்."

விடுவாளா? நாத்தனாருக்கு போன் போட்டாள்.

"தனிச் சட்டியா? அப்பாவா?" நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "டீ போட்ட சட்டியிலயே முட்டையைப் போடுவாரும்மா. அதுக்காகவே அம்மா அவரைக் கிழி கிழின்னு கிழிப்பாங்க. திடீர்னு என்ன வந்துச்சு அவருக்கு?"

அதைத்தானே அவளும் கேட்கிறாள்! மண்டை குடைந்தது.

இதற்கு நடுவில் அவளுக்குக் காலை ஷிப்டாக மாற்றிவிட்டார்கள். மகளை யார் பள்ளிக்கூடத்தில் விடுவது? கணவன் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறவன்.

"மாமா, குட்டியை நீங்கதான் கொண்டுபோய் விடணும்."

"என்னால முடியாதும்மா."

"மெயின் ரோட்டைத் தாண்டினா ஸ்கூல். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாப் போதும்."

"முடியாதுன்னா விடேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. "ஊரையே ஏத்திக்கிட்டு பஸ் ஓட்டினவருக்குப் பேத்தியை ஒரு ரோடு தாண்டிவிட முடியாதாமா?" என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள். "ஒரு சட்டிமேல இருக்கற அக்கறை இந்தக் குழந்தைமேல இல்லையே!"

கோபமும் குறுகுறுப்பும் ஒன்று சேர்ந்தால் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் மாமனார் எழுந்திருப்பதற்குள் சட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள். என்னதான் செய்கிறார், பார்த்துவிடலாம் என்று சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

மாமனார் வந்தார். ஆணியைத் தடவினார். மேடை முழுக்கக் கையால் துழாவினார். "எங்க போச்சு?" என்று தனக்குத்தானே முனகினார். அவள் மூச்சுக் காட்டவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்து நின்றவர், ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தார். தண்ணீர் பிடித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, அடுப்பைப் பற்றவைத்தார்.

'அப்படிப் போடு! இப்ப மட்டும் வேற பாத்திரத்துல முட்டை வேகுமாக்கும்!' அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்தார். கரண்டியை விட்டுத் துழாவினார். வெறும் கரண்டிதான் மேலே வந்தது. ஆவி முகத்தில் அடிக்கும் அளவுக்குக் குனிந்து மறுபடி துழாவினார். மறுபடியும் வெறும் கரண்டி. அவர் என்ன செய்யப் போகிறார் என்று அவளுக்குப் புரிவதற்குள் வெந்நீருக்குள் கையை விட்டுவிட்டார்.

"ஐயோ, மாமா!"

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திழுத்துக் குழாயடியில் காட்டினாள். விரல்கள் சிவந்துவிட்டிருந்தன.

"கொதிக்கிற தண்ணியில யாராச்சும் கையை விடுவாங்களா? கரண்டி கையிலதானே இருக்கு!"

அவர் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார். "சட்டியை நீதான் எடுத்தியாம்மா?"

"ஆமா மாமா. ஏன்தான் இப்படிப் பண்றீங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு…"

குழாய்த் தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

"என் பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. அப்புறம் அடுப்புப் பக்கமே விடமாட்டான். இந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு வேலைதான்."

"எதைச் சொல்லக்கூடாது மாமா?"

பதில் சொல்ல அவள் பக்கம் திரும்பினார். பார்வை மட்டும் அவள் முகத்தில் விழாமல், காதைத் தாண்டி எங்கேயோ போயிற்று.

"எவர்சில்வர்ல போட்டா தண்ணி எது, முட்டை எதுன்னே தெரியலம்மா. கறுப்புல போட்டாத்தான் மங்கலா, வெள்ளையா ஏதோ தெரியுது" என்றார். "முட்டைக்கு ஒரு கறுப்புச் சட்டி வாங்கிக்கிட்டேன். ரோட்டுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?"